சிறிய கிளினிக்கில் பிறக்கும் பெரிய கேள்விகள்



பிள்ளைக்குத் தொண்டை வலி. இரவெல்லாம் காய்ச்சல். விடிந்ததும் தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்கிற்கு ஓடுகிறாள். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்கிறார். மருந்து எழுதிக் கொடுக்கிறார். நாமும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறோம். இது எல்லா வீடுகளிலும் நடப்பதுதான்.

ஆனால் ஒரு கேள்வியை நாம் கேட்பதே இல்லை. இந்த மருந்து இந்த நோய்க்கு உதவும் என்பது டாக்டருக்கு எப்படித் தெரியும்? புத்தகத்தில் படித்தார் என்போம். புத்தகம் எழுதியவருக்கு எப்படித் தெரிந்தது? யாரோ, எங்கோ, பல நோயாளிகளைக் கவனித்து, கணக்கெடுத்து, ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதற்குத்தான் மருத்துவ ஆராய்ச்சி என்று பெயர்.

அந்த ஆராய்ச்சியை யார் செய்கிறார்கள், எங்கே செய்கிறார்கள், யாரை வைத்துச் செய்கிறார்கள் என்பது நம் உடம்போடு சம்பந்தப்பட்ட விஷயம். நம்மைப் போன்ற குடும்பங்களை நாள்தோறும் பார்க்கும் குடும்ப மருத்துவர் ஒருவர் ஆராய்ச்சியாளராக உருவாவது எப்படி, அதனால் நமக்கு என்ன பயன் என்பதை இன்று பார்ப்போம்.

முதலில் ஒரு கணக்கு. 1961-ஆம் ஆண்டில் கெர் ஒயிட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய துணைவர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஓர் ஊரில் வயது வந்தவர்கள் 1,000 பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரே மாதத்தில் அவர்களில் எத்தனை பேருக்கு உடம்பு முடியாமல் போகிறது? அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கிடைத்த விவரங்களைக் கொண்டு அவர்கள் கணக்கிட்டார்கள். ஏறக்குறைய 750 பேருக்கு ஏதாவது நோயோ காயமோ ஏற்படுகிறது. அவர்களில் 250 பேர் டாக்டரிடம் போகிறார்கள். மருத்துவமனையில் படுக்க வேண்டி வருபவர்கள் 9 பேர். பெரிய பல்கலைக்கழக மருத்துவமனைக்கு அனுப்பப்படுபவர் ஒரே ஒருவர்.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 2001-இல் அமெரிக்காவில் இதே கணக்கை மீண்டும் போட்டுப் பார்த்தார்கள். மருத்துவ உலகம் எவ்வளவோ மாறியிருந்தது. ஆனால் இந்தக் கணக்கு அதிகம் மாறவில்லை. 1,000 பேரில் 217 பேர் டாக்டரின் கிளினிக்கிற்குப் போனார்கள். 8 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். பல்கலைக்கழக மருத்துவமனையில் சேர்ந்தவர் ஒருவருக்கும் குறைவு.

இதில் என்ன விசேஷம் என்று கேட்கலாம். பெரும்பாலான மருத்துவ ஆராய்ச்சிகள் அந்தப் பெரிய மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. ஆயிரத்தில் ஒருவரைப் பார்த்துக் கற்ற பாடத்தை மற்றவர்களுக்கும் பொருத்துகிறார்கள். ஆயிரம் பால்மரம் நிற்கும் இடத்தில், பட்டை நோய் கண்ட ஒரே ஒரு மரத்தை மட்டும் சோதித்துவிட்டு, மற்ற மரங்களையும் அதைப் போலவே நடத்தினால் என்ன ஆகும்? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஒரு சோறு அதே பானையிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும் அல்லவா?

சளி, இருமல், தொண்டை வலி, முதுகு வலி, தலைச்சுற்றல், நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, தூக்கமின்மை, மனக்கவலை — இவையெல்லாம் முதலில் வந்து சேருமிடம் சிறிய கிளினிக். ஒரே மனிதரைப் பிள்ளையாகவும், வாலிபராகவும், வயோதிகராகவும் பார்க்கக்கூடியவர் குடும்ப மருத்துவர். வீட்டில் எத்தனை பேர், அப்பாவுக்கு என்ன வேலை, அம்மாவுக்கு என்ன கவலை என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே பெரிய மருத்துவமனையில் பிறக்க முடியாத கேள்விகள் இவருடைய கிளினிக்கில் பிறக்கின்றன.

அப்படிப் பிறந்த கேள்விகளைப் பிடித்துக்கொண்டு ஆராய்ந்த குடும்ப மருத்துவர்கள் முன்பும் இருந்தார்கள். இருவரை மட்டும் சொல்கிறேன்.

இங்கிலாந்தின் வடபகுதியில் யார்க்‌ஷயரில் ஐஸ்கார்த் என்ற சிற்றூரில் மருத்துவராக இருந்தவர் வில்லியம் பிக்கிள்ஸ். சுற்றிலும் மலைப்பள்ளத்தாக்குக் கிராமங்கள். ஏறக்குறைய ஒவ்வொரு குடும்பத்தையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு அவருக்குப் பழக்கம். 1929-இல் அந்தப் பகுதியில் மஞ்சள் காமாலை பரவியது. யார் யாரோடு எந்த நாளில் பழகினார், எத்தனை நாள் கழித்து நோய் கண்டது என்று குறித்து வைத்தார். நோய் தொற்றிய பிறகு வெளியே தெரிய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகிறது என்பதைக் கண்டார். பட்டணத்தில் ஆயிரக்கணக்கானோர் நடுவே யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்று கண்டுபிடிப்பது கடினம். சின்ன ஊரில் அது முடிந்தது. தம் குறிப்புகளைக் கொண்டு 1939-இல் அவர் எழுதிய நூல் உலகப் புகழ் பெற்றது.

மற்றவர் ஜூலியன் டியூடர் ஹார்ட். வேல்ஸ் நாட்டில் கிளின்கோரக் என்ற நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் கிராமத்திற்கு 1961-இல் மருத்துவராகச் சென்றவர். ஏழைத் தொழிலாளர்களின் ஊர் அது. இரத்தக் கொதிப்பு பெரும்பாலும் வலியோ அடையாளமோ காட்டாது. திடீரென்று பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வந்து நிற்கும். ஆகவே நோயாளி வரட்டும் என்று காத்திராமல், ஊரில் உள்ளவர்களையெல்லாம் அழைத்து இரத்த அழுத்தத்தை அளந்தார். கூடுதலாக இருந்தவர்களை விடாமல் கவனித்து வந்தார். பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் அவருக்குத் துணை நின்றது. இருபத்தைந்து ஆண்டு உழைப்பின் பலனை 1991-இல் அவரும் துணைவர்களும் வெளியிட்டார்கள். பக்கத்து ஊரோடு ஒப்பிட்டால், 65 வயதுக்கு முன் இறப்பவர்களின் விகிதம் இவருடைய ஊரில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது.

இதே டியூடர் ஹார்ட்தான் 1971-இல் ஒரு பெரிய உண்மையைச் சொன்னார். நல்ல மருத்துவம் யாருக்கு மிகவும் தேவையோ, அவர்களுக்குத்தான் அது குறைவாகக் கிடைக்கிறது. தேவை குறைந்தவர்களுக்கு அதிகமாகக் கிடைக்கிறது என்றார். தொழிலாளர் குடியிருப்பில் வாழ்ந்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்த இருவரும் அபூர்வமானவர்கள். எல்லாக் குடும்ப மருத்துவர்களும் ஏன் இப்படி ஆராய்ச்சி செய்வதில்லை? அவர்களுக்கு அறிவு இல்லையா, ஆசை இல்லையா? இரண்டும் உண்டு. மூன்று குறைகள்தான் தடையாக நிற்கின்றன.

முதல் குறை நேரம். காலையில் கதவு திறக்கும் முன்பே நோயாளிகள் வரிசையில் நிற்கிறார்கள். மருத்துவக் கல்லூரியில் பணிபுரியும் குடும்ப மருத்துவருக்கு நோயாளிகளோடு மாணவர்களும் உண்டு. நோயாளியையும் பார்த்து, பாடமும் நடத்திவிட்டு வீட்டுக்குப் போகும்போது இருட்டிவிடும். மனத்தில் தோன்றிய கேள்வி மறுநாள் வரிசையில் கரைந்துபோகும்.

இரண்டாவது குறை பயிற்சி. நல்ல வைத்தியம் பார்ப்பது ஒரு தொழில். ஆராய்ச்சி செய்வது வேறொரு தொழில். எத்தனை பேரைச் சோதிக்க வேண்டும், யாரோடு யாரை ஒப்பிட வேண்டும், கிடைத்த முடிவு தற்செயலா உண்மையா என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கத் தெரிய வேண்டும். அதைக் கற்றுத்தர மூத்தவர்கள் வேண்டும். குடும்ப மருத்துவம் இளைய துறை. அமெரிக்காவில் 1969-இல்தான் அது தனித் துறையாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. நம் மலேசியாவில் பொது மருத்துவர்களுக்கான கல்லூரி 1973-இல் தோன்றியது. அதுதான் பின்னர் குடும்ப மருத்துவர்களின் கழகமாகப் பெயர் மாறியது. இளைய துறையில் வழிகாட்டும் பெரியவர்கள் சிலராகத்தான் இருப்பார்கள்.

மூன்றாவது குறை பணம். அமெரிக்க அரசின் தேசிய சுகாதாரக் கழகங்கள் ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் ஆராய்ச்சிக்குப் பணம் வழங்குகின்றன. 2002 முதல் 2014 வரை கணக்குப் பார்த்தபோது, அதில் குடும்ப மருத்துவத் துறைகளுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 0.2 விழுக்காடு. அதாவது ஆயிரம் வெள்ளியில் இரண்டு வெள்ளி! மக்களில் பெரும்பாலோர் முதலில் போகும் இடம் குடும்ப மருத்துவம். ஆராய்ச்சிப் பணத்தில் மிகக் குறைந்த பங்கு கிடைப்பதும் அதற்குத்தான்.

இந்த மூன்று குறைகளையும் ஒன்றாகத் தீர்க்க முயலும் ஏற்பாட்டைத்தான் பெல்லோஷிப் என்கிறார்கள். தமிழில் ஆய்வு நல்கை என்று சொல்லலாம். நம் பிள்ளைகள் படிக்க உபகாரச் சம்பளம் வாங்குகிறார்கள் அல்லவா? அது மாணவருக்கு. ஆய்வு நல்கை ஏற்கெனவே டாக்டராகி, விரிவுரையாளராகவும் ஆகிவிட்டவருக்கு. படித்து முடித்தவருக்கு மறுபடியும் ஒரு படிப்பா என்று வியக்க வேண்டாம். மரம் வெட்டத் தெரிந்தவர் எல்லாரும் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்துவிட முடியுமா? ஒவ்வொரு வேலைக்கும் தனித் தேர்ச்சி வேண்டும்.

ஆய்வு நல்கை என்னென்ன தருகிறது? நான்கு பொருள்கள்.

முதலாவது, காக்கப்பட்ட நேரம். மருத்துவருடைய சம்பளத்தில் ஒரு பகுதியை நல்கை ஏற்றுக்கொள்கிறது. அதற்கு ஈடாக, அவருடைய வேலை நேரத்தில் ஒரு பகுதியை யாரும் தொடக்கூடாது. அமெரிக்காவில் நோயாளிகளோடு நேரடியாகச் செய்யும் ஆராய்ச்சிக்கு கே-23 என்று ஒரு நல்கை உண்டு. ஐந்தாண்டு வரை கிடைக்கும். பொதுவாக வேலை நேரத்தில் நான்கில் மூன்று பங்கை ஆராய்ச்சிக்கும் அதற்கான பயிற்சிக்கும் செலவிட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. வாரத்தில் ஐந்து நாள் வேலை என்றால் ஏறக்குறைய நான்கு நாள் ஆராய்ச்சிக்கு. மீதி நேரத்தில் நோயாளிகளைப் பார்க்கலாம், பாடம் நடத்தலாம்.

இரண்டாவது, வழிகாட்டி. பால்மரம் சீவக் கற்றுக்கொண்டவர்களுக்கு இது நன்றாகப் புரியும். கத்தி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும். மேலோட்டமாகச் சீவினால் பால் வராது. எவ்வளவு ஆழம் என்பதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. கைதேர்ந்தவர் பக்கத்தில் நின்று, கையைப் பிடித்துக் காட்ட வேண்டும். ஆராய்ச்சியும் அப்படித்தான். கேள்வி பெரிதாக இருந்தால் விடை கிடைக்காது. சிறிதாக இருந்தால் பயன் இராது. அந்த அளவைக் காட்டுபவர் வழிகாட்டி. நல்கைக்கு விண்ணப்பம் செய்யும்போதே இன்னார் என் வழிகாட்டி என்று எழுதிக்கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, கருவிகளில் தேர்ச்சி. புள்ளிவிவரக் கணக்கு, கேள்வித்தாள் தயாரிக்கும் முறை, வீடு வீடாகச் சென்று மக்களிடம் பேசும் முறை, நோயாளியின் உரிமையைக் காக்கும் விதிகள் — இவற்றையெல்லாம் முறையாகக் கற்றுக்கொள்கிறார்.

நான்காவது, நிதி கேட்டு விண்ணப்பம் எழுதும் பயிற்சி. இது சாதாரண மனு அல்ல. என்ன கேள்வி, ஏன் முக்கியம், எப்படி விடை காண்பேன், எவ்வளவு செலவாகும், என்னால் முடியும் என்பதற்கு என்ன சான்று என்றெல்லாம் எழுத வேண்டும். அமெரிக்காவில் குடும்ப மருத்துவ ஆசிரியர்களுக்காகவே 1995-இல் ‘கிராண்ட் ஜெனரேட்டிங் புராஜெக்ட்’ என்ற பயிற்சித் திட்டம் தொடங்கப்பட்டது. ஆராய்ச்சி நிதி பெறக் கற்பிக்கும் திட்டம் என்று அதைச் சொல்லலாம். அதில் சேர்ந்தவர் வீட்டையும் வேலையையும் விட்டு வேறு ஊரில் போய்த் தங்க வேண்டியதில்லை. தம் கல்லூரியில் பணிபுரிந்துகொண்டே, ஓராண்டுக் காலத்தில் சில முறை மற்றவர்களோடு கூடிப் பயில்வார். குடும்பப் பொறுப்பு உள்ள மருத்துவருக்கு இது பெரிய வசதி.

அந்தப் பயிற்சியில் ஒரு நல்ல முறை உண்டு. விண்ணப்பத்தை உண்மையான நீதிபதிகளிடம் அனுப்பும் முன், பொய்யாக ஒரு நீதிபதிக் குழுவை அமைத்து, குற்றம் குறைகளையெல்லாம் சொல்லச் செய்வார்கள். புதிதாக வந்த தொழிலாளிக்கு முதலில் கழிக்கப்போகும் கிழட்டு மரத்தில் கத்தி பிடிக்கப் பழக்குவது போன்றது இது. அங்கே தவறினால் நஷ்டமில்லை, திருத்திக்கொள்ளலாம்.

இவ்வளவு பயின்ற பிறகும் விண்ணப்பம் உடனே வெற்றி பெறும் என்று சொல்ல முடியாது. தேர்வாகும் விண்ணப்பங்களைவிடத் தள்ளப்படுபவையே அதிகம். தள்ளப்பட்டதைத் திருத்தி மறுபடியும் அனுப்புபவர்தான் ஆராய்ச்சியாளராகிறார். முதலில் சிறிய நிதி. அதைக் கொண்டு சிறிய ஆய்வு. அதன் பலனைக் காட்டிப் பெரிய நிதி. பிறகு தமக்குக் கீழே இளையவர்களுக்குப் பயிற்சி. இப்படிப் படிப்படியாகத்தான் ஒருவருடைய ஆராய்ச்சி வாழ்க்கை வளர்கிறது. ஒருவர் இருவராகி, இருவர் நால்வரானால், இளைய துறை முதிர்ச்சி பெறும்.

சரி, இதனால் நமக்கு வந்த பயன் என்ன? தொடக்கத்தில் சொன்ன தொண்டை வலிக்கே வருவோம்.

இங்கிலாந்தில் பால் லிட்டில் என்ற குடும்ப மருத்துவர் வெல்கம் அறக்கட்டளையின் பயிற்சி நல்கை பெற்று ஆராய்ச்சியில் இறங்கினார். அவர் கேட்ட கேள்வி எளியது. தொண்டை வலி என்று வருபவர்களுக்கெல்லாம் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து, அதாவது ஆன்டிபயாட்டிக், கொடுக்கத்தான் வேண்டுமா?

பதினொரு கிளினிக்குகளில் 716 நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். யார் எந்தப் பிரிவு என்பதை டாக்டரின் விருப்பத்திற்கு விடவில்லை. திருவுளச் சீட்டுப் போடுவது போல முடிவு செய்தார்கள். டாக்டர் தாமே தேர்ந்தெடுத்தால், கடுமையான நோயாளிகளை ஒரு பக்கம் சேர்த்துவிடக்கூடும். பிறகு ஒப்பீடு சரியாக இராது. முதல் பிரிவினருக்கு உடனே மருந்து. இரண்டாம் பிரிவினருக்கு ஆன்டிபயாட்டிக் இல்லை. மூன்றாம் பிரிவினர், மூன்று நாள் பார்த்தும் குணமாகவில்லை என்றால் வந்து மருந்தை வாங்கிக்கொள்ளலாம்.

முடிவு 1997-இல் வெளிவந்தது. மூன்றாம் நாளில் குணமானவர்கள் முதல் பிரிவில் 37 விழுக்காடு; இரண்டாம் பிரிவில் 35; மூன்றாம் பிரிவில் 30. பெரிய வித்தியாசம் இல்லை. பொறுத்திருந்து வாங்கலாம் என்று சொல்லப்பட்டவர்களில் 69 விழுக்காட்டினர் அந்த மருந்தை எடுக்கவே இல்லை, தானாகவே குணமாகிவிட்டது. இன்னொரு செய்தியும் தெரிந்தது. மறுபடியும் தொண்டை வலி வந்தால் டாக்டரிடம் வருவீர்களா என்று கேட்டார்கள். உடனே மருந்து வாங்கியவர்களில் 79 விழுக்காட்டினர் வருவோம் என்றார்கள். மருந்து வாங்காதவர்களில் 54 விழுக்காட்டினரே அப்படிச் சொன்னார்கள். மருந்து கொடுத்துப் பழக்கினால், மருந்தால்தான் குணமானோம் என்ற நம்பிக்கையும் வளர்ந்துவிடுகிறது.

தேவையில்லாமல் ஆன்டிபயாட்டிக் சாப்பிடுவது வீண் செலவு மட்டுமல்ல. கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிவிட்டால், உண்மையிலேயே உயிருக்கு ஆபத்தான நேரத்தில் மருந்து வேலை செய்யாது. டாக்டர் மருந்து எழுதாமல் அனுப்பினால், நம்மை அலட்சியம் செய்தார் என்று கோபித்துக்கொள்கிறோம். அவர் அலட்சியம் செய்யாமல், ஆராய்ச்சி சொன்னதைச் செய்திருக்கலாம். ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று பணிவோடு கேளுங்கள். நல்ல டாக்டர் விளக்குவார். ஆனால் பிள்ளைக்கு மூச்சுத் திணறல், எச்சிலும் விழுங்க முடியாமை, கழுத்து வீக்கம், மயக்கம் போன்றவை கண்டால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் கண்ட முடிவு எல்லா ஊருக்கும் அப்படியே பொருந்தாது. சில நாடுகளில், சில வகைத் தொண்டைப் புண்ணுக்குப் பிறகு வாதக் காய்ச்சல் வந்து பிள்ளைகளின் இதயத்தைக் கெடுக்கிறது. அங்கே மருத்துவர் வேறு விதமாக முடிவு செய்ய வேண்டும். அதனால்தான் அந்தந்த ஊரிலேயே கேள்வி கேட்டு விடை காணும் மருத்துவர்கள் வேண்டும் என்கிறோம்.

இதற்கு நம் மண்ணிலேயே பழைய சான்று ஒன்று உண்டு. 1901-இல் கிள்ளானுக்கு அரசாங்க மருத்துவராக வந்தவர் மால்கம் வாட்சன். மலேரியாக் காய்ச்சல் வாட்டிய காலம் அது. கிள்ளான் சதுப்பு நிலத்தில் நீரை வடித்து, காட்டை வெட்டியதும் காய்ச்சல் குறைந்தது. அங்கே மலேரியாவைப் பரப்பிய கொசு, காட்டு நிழலில் தேங்கிய நீரில் வளர்ந்தது. ஆனால் குன்றுப் பகுதித் தோட்டங்களில் காட்டை வெட்டியபோது காய்ச்சல் குறையவில்லை, அதிகமாயிற்று! வாட்சன் தோட்டம் தோட்டமாகச் சென்று, லயத்துப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டு, மண்ணீரல் வீங்கியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினார். கொசுக்கள் எங்கே வளர்கின்றன என்று தேடினார். குன்றுகளில் இருந்தது வேறு வகைக் கொசு. வெயில் படும் தெளிந்த ஓடை நீரில் அது பெருகியது. நிழலை அகற்றியதால் அதற்கு வசதி செய்து கொடுத்தது போலாகிவிட்டது. பிறகு ஓடை நீரை மண்ணுக்கடியில் குழாயில் விட்டும், எண்ணெய் தெளித்தும் அதைக் கட்டுப்படுத்தினார்கள்.

கிள்ளானில் மருந்தாக இருந்தது குன்றில் நஞ்சாயிற்று. இரண்டு இடங்களுக்கும் நடுவே இருந்த தூரமோ சில மைல்கள். இலண்டனில் உட்கார்ந்து இதைக் கண்டுபிடித்திருக்க முடியுமா? இன்று தோட்டங்களில் ரப்பர் குறைந்து செம்பனை பெருகிவிட்டது. தோட்டங்களை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபோன குடும்பங்கள் ஏராளம். உழைப்பு மாறிவிட்டது, உணவு மாறிவிட்டது, நோயும் மாறிவிட்டது. காய்ச்சலுக்குப் பயந்த காலம் போய், நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் பயப்படும் காலம் வந்திருக்கிறது. புதிய கேள்விகளைக் கேட்க, புதிய ஆராய்ச்சியாளர்கள் வேண்டும்.

அப்படி ஒருவர் ஒருநாள் உங்கள் வீட்டுக்கோ, நீங்கள் போகும் கிளினிக்கிற்கோ வந்து, ஓர் ஆய்வில் பங்கு பெறுகிறீர்களா என்று கேட்கலாம். அப்போது பயப்படவும் வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு கைநாட்டு வைக்கவும் வேண்டாம்.

ஒரு காலத்தில் நோயாளியைக் கேட்கும் வழக்கமே இருக்கவில்லை. 1905-இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் ஓர் ஆய்வு நடத்தினார். நோயாளிகளில் ஒரு பாதிக்குப் புழுங்கலரிசிச் சோறும் மறுபாதிக்குத் தீட்டிய பச்சரிசிச் சோறும் கொடுக்கப்பட்டன. பச்சரிசி உண்டவர்களுக்கு பெரிபெரி நோய் கண்டது. சிலர் இறந்தும் போனார்கள். புழுங்கலரிசி நோயைத் தடுக்கிறது என்ற பெரிய உண்மை வெளிப்பட்டது. அந்த உண்மையால் பலர் பிழைத்தார்கள். ஆனால் அந்த நோயாளிகளின் சம்மதம் கேட்க அந்நாளில் விதி ஏதும் இல்லை. உலகம் பட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் 1947-இல் நூரம்பர்க் விதிகளும், 1964-இல் ஹெல்சிங்கிப் பிரகடனமும் வந்தன. நோயாளியின் சம்மதமில்லாமல் அவர்மீது ஆராய்ச்சி கூடாது என்பது இன்று உலக நியதி. மலேசியாவில் சுகாதார அமைச்சின் கீழ் இத்தகைய ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நன்னெறிக் குழு ஒன்று இருக்கிறது.

ஆகவே கேளுங்கள். இந்த ஆய்வு எதற்காக? எனக்கு என்ன செய்வீர்கள்? ஊசி உண்டா, இரத்தம் எடுப்பீர்களா? என்ன நன்மை, என்ன தீமை? என் பெயர் வெளியே தெரியுமா? நடுவில் விலகிக்கொள்ளலாமா? மாட்டேன் என்றால் எனக்குக் கிடைக்கும் வைத்தியம் குறையுமா? குறையக் கூடாது என்பதுதான் விதி. கடிதம் புரியாத மொழியில் இருந்தால் தமிழில் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். மானேஜர் சொன்னார், மண்டோர் சொன்னார் என்பதற்காகச் சம்மதிக்க வேண்டியதில்லை. சம்மதம் என்பது நோயாளி தாமே மனமுவந்து கொடுப்பது.

கேட்டுத் திருப்தி அடைந்தால், பங்கு பெறுங்கள். நம்மைப் பற்றிய கணக்கு புத்தகத்தில் ஏற வேண்டுமென்றால், நாம் எண்ணப்பட வேண்டும். நம் பானைச் சோறு பதம் பார்க்கப்படாமலே போனால், பிறர் வீட்டுப் பானையைப் பார்த்துத்தான் நமக்குப் பக்குவம் சொல்வார்கள்.

கடைசியாகப் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. என் பிள்ளை டாக்டராக வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள். நல்ல ஆசைதான். ஐந்தாண்டு மருத்துவப் படிப்பு, அதன் பின் இரண்டாண்டு மருத்துவமனைப் பயிற்சி, பிறகு நான்காண்டு குடும்ப மருத்துவ முதுகலை என்று பாதை நீளமானது. அதற்கும் அப்பால் ஆய்வு நல்கை என்று ஒரு கதவு இருப்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். டாக்டர் ஆகாதவர்களுக்கும் ஆராய்ச்சியில் இடம் உண்டு. தாதியர், கணக்கில் வல்லவர்கள், மக்களிடம் அவர்கள் மொழியில் பேசி விவரம் திரட்டுபவர்கள் இல்லாமல் எந்த ஆய்வும் நடக்காது. லயத்தில் வளர்ந்து, அம்மா விடியற்காலையில் பெரட்டுக்குப் போனதைப் பார்த்த பிள்ளைக்கு, வெளியிலிருந்து வருபவருக்குத் தோன்றாத கேள்விகள் தோன்றும்.

“ஏன் அப்படி?” என்று உங்கள் பிள்ளை கேட்கும்போது, “சும்மா இரு” என்று அடக்கிவிடாதீர்கள். தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால், இருவரும் சேர்ந்து தெரிந்துகொள்வோம் என்று சொல்லுங்கள். ஆராய்ச்சி அங்கேதான் ஆரம்பமாகிறது.